டெல்லியில் தகவல் தொடர்பியல் முதுநிலைப் படிப்பு: சேர்க்கை முதல் பட்டம் வரை

பெரும்பாலோர் சேர்க்கை அறிவிப்பை மட்டும் படிக்கிறார்கள். கடைசித் தேதி என்ன, எத்தனை சதவீதம் வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று பார்த்ததும் விண்ணப்பித்துவிடுகிறார்கள். பட்டம் வாங்க என்னென்ன முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாம் பருவத்தில்தான் உறைக்கிறது. கேமராவும் கையுமாக அலையலாம் என்று வந்தவர் கோட்பாடுகளோடும் ஆய்வேட்டோடும் மல்லுக்கட்டுகிறார். பேராசிரியர் ஆக வேண்டும் என்று வந்தவர், ஆய்வுமுறைக்கு ஒரே ஒரு தாள் வைத்திருக்கும் படத் தயாரிப்புப் படிப்பில் இரண்டு ஆண்டுகளைக் கழிக்கிறார். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். தவறான வாசலில் வரிசையில் நின்றதுதான் பிரச்சினை.

ஆகவே தலைகீழாகத் தொடங்குவோம். எந்தப் படிப்பானாலும் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, நான்காம் பருவத்தை முதலில் படியுங்கள். அங்கே ஆய்வேடு இருக்கிறதா, ஆவணப்படம் இருக்கிறதா, நிறுவனப் பயிற்சி இருக்கிறதா? எதற்கு எத்தனை கிரெடிட், அதாவது பாடச்சுமைப் புள்ளி? அந்த ஒரு பக்கம் போதும், படிப்பின் குணம் தெரிந்துவிடும்.

ஜனக்புரி, ஆர்.கே.புரம், மயூர் விஹார் என்று டெல்லியிலேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளையும், தமிழ்நாட்டில் விஸ்காமோ ஆங்கில இலக்கியமோ முடித்துவிட்டு டெல்லிக்கு ரயிலேற நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இரு சாராருக்கும் சிக்கல்கள் வேறு வேறு இடங்களில் வரும்.

முதல் படி: எந்த வாசல்?

டெல்லியில் இந்தத் துறை ஒரே பெயரில் கிடைப்பதில்லை. மாஸ் கம்யூனிகேஷன், டெவலப்மென்ட் கம்யூனிகேஷன், கன்வர்ஜென்ட் ஜர்னலிசம், ஸ்ட்ராடஜிக் கம்யூனிகேஷன் என்று பலகைகள் பல. பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

தயாரிப்புப் பக்கம் மனம் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது ஓக்லாவில் உள்ள ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் மாஸ் கம்யூனிகேஷன் ஆய்வு மையத்தை. அன்வர் ஜமால் கித்வாய் துணைவேந்தராக இருந்தபோது 1982இல், கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தோடு கைகோத்துத் தொடங்கிய மையம் இது. இங்குள்ள எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன் படிப்பின் முதுகெலும்பு கேமரா, ஒலி, படத்தொகுப்பு, இயக்கம்தான். அதே மையத்தில் கன்வர்ஜென்ட் ஜர்னலிசம் (அச்சு, ஒளிபரப்பு, இணையம் சேர்ந்த இதழியல்), டெவலப்மென்ட் கம்யூனிகேஷன், காட்சி விளைவுகள் மற்றும் அனிமேஷன் ஆகியவற்றுக்குத் தனித்தனி முதுநிலைப் படிப்புகள் உண்டு. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்றுக்கும் சேர்த்துப் பரிசீலிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். (நடிகர் ஷாருக் கான் இங்கே முதுநிலையில் சேர்ந்து, முடிக்காமலே நடிக்கப் போய்விட்டார். பட்டம் பெறுவதற்கான விதிகளைச் சொல்லவந்த கட்டுரையில் அவரை முன்மாதிரியாகக் காட்ட முடியாது.)

இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம், அதாவது ஐஐஎம்சி, 1965ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அருணா ஆசஃப் அலி சாலையில், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜே.என்.யூ.) வளாகத்தை ஒட்டி இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அங்கே கிடைத்தது முதுநிலைப் பட்டயம் மட்டுமே. 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்த பிறகு மீடியா பிசினஸ் ஸ்டடீஸ், ஸ்ட்ராடஜிக் கம்யூனிகேஷன் என்ற இரண்டு எம்.ஏ. படிப்புகளைத் தொடங்கினார்கள். பெயரே சொல்கிறது: இவை ஊடக நிர்வாகம், நிறுவனத் தொடர்பு சார்ந்தவை. செய்தியாளர் ஆக வேண்டும் என்பவர் அந்நிறுவனத்தின் இதழியல் பட்டயத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே மராத்தி, மலையாளம், ஒடியா, உருது இதழியலுக்குக்கூடப் பட்டயம் உண்டு. தமிழுக்கு இல்லை. அந்த வருத்தம் நமக்குப் பழகிவிட்டது.

துவாரகாவில் உள்ள குரு கோவிந்த் சிங் இந்திரப்பிரஸ்தா பல்கலைக்கழகத்திலும் மாஸ் கம்யூனிகேஷனில் எம்.ஏ. உண்டு. அது டெல்லி மாநிலப் பல்கலைக்கழகம். இடங்களில் பெரும்பங்கு டெல்லியில் பட்டம் முடித்தவர்களுக்குப் போகும். டெல்லித் தமிழருக்கு இது சாதகம். திருநெல்வேலியில் இளநிலை முடித்தவருக்குப் போட்டி கடுமை.

கிராம வளர்ச்சி, பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனப் பணி என்ற திசையில் போக விரும்புபவர்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேடி இர்வின் கல்லூரியின் எம்.எஸ்சி. டெவலப்மென்ட் கம்யூனிகேஷன் படிப்பைக் கவனியுங்கள். அதிகம் பேசப்படாத படிப்பு இது. திரைப்படத்தைக் கலை வரலாறாகவும் கோட்பாடாகவும் படிக்க வேண்டும் என்றால் ஜே.என்.யூ.வின் கலை மற்றும் அழகியல் பள்ளி இருக்கிறது.

வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். மைதான் கடியில் தலைமையகம். இதழியல் மற்றும் மக்கள் தொடர்பில் எம்.ஏ. தருகிறார்கள். ஏதாவது ஒரு பட்டம் போதும், நுழைவுத் தேர்வு கிடையாது. தொலைநிலைப் பட்டம்தானே என்று ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்பது விதி. ஸ்டூடியோவும் சக மாணவர்களும் கிடைக்காது, அவ்வளவுதான். அது சின்ன இழப்பு என்றும் சொல்லமாட்டேன்.

இரண்டாம் படி: பட்டமா, பட்டயமா?

இதை விண்ணப்பத்துக்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓராண்டு முதுநிலைப் பட்டயம் வேலைக்கு உதவும். பல செய்தி நிறுவனங்கள் அதையே விரும்புகின்றன. ஆனால் உதவிப் பேராசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்வை (நெட்) எழுத முதுநிலைப் பட்டம் வேண்டும். பட்டயத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. யூஜிசி 2024இல் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டு இளநிலை முடித்தவருக்கு முதுநிலை இரண்டு ஆண்டுகள். நான்காண்டு ஆனர்ஸ் முடித்தவருக்கு ஓராண்டே போதும். இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் முதல் ஆண்டோடு விலகினால் முதுநிலைப் பட்டயம் கிடைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகம் 2022இல் நான்காண்டு இளநிலைக்கு மாறியது. அதன் முதல் அணி 2026இல் வெளியே வருகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளநிலையே வழக்கம். ஆகவே ஒரே வகுப்பில் படிக்கப்போகும் ஜனக்புரி மாணவிக்கும் மதுரை மாணவிக்கும் காலக்கணக்கு வேறாக இருக்கலாம். நீங்கள் குறிவைக்கும் துறை ஓராண்டு வழியைத் திறந்திருக்கிறதா என்று அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் துறைகளும் திறந்துவிடவில்லை.

மூன்றாம் படி: தகுதி

இது சுருக்கமான விஷயம். பெரும்பாலான இடங்களில் எந்தப் பாடத்திலும் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். இதழியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. வணிகவியல், தாவரவியல், பொறியியல் எதிலிருந்தும் வரலாம். குறைந்தபட்ச மதிப்பெண் பெரும்பாலும் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சற்றுக் குறையும். வயது வரம்பு பல இடங்களில் இல்லை.

இறுதியாண்டு படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் இறுதி மதிப்பெண் பட்டியலைக் கொடுப்பேன் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அரியர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். நவம்பரில் மறுதேர்வு எழுதிக்கொள்ளலாம் என்று ஊரில் அலட்சியமாக இருப்பார்கள். செப்டம்பரிலோ அக்டோபரிலோ டெல்லியில் சேர்க்கை ரத்தாகிவிடும். ஏப்ரல் தேர்விலேயே எல்லாத் தாள்களையும் முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: காகிதங்கள்

நுழைவுத் தேர்வை விட அதிகம் பேரைக் காவு வாங்குவது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திகா மு’ என்று இருக்கும். ஆதாரில் ‘மு. கார்த்திகா’. வங்கிப் புத்தகத்தில் ‘கார்த்திகா முருகேசன்’. கல்லூரி மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்துக்குப் பின் புள்ளி இருக்கும் அல்லது இருக்காது. நமக்கு இவை நான்கும் ஒரே பெண். கணினிக்கு நான்கு பேர். விண்ணப்பப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும்போது அப்பாவின் முழுப்பெயரைக் குடும்பப்பெயராக இட்டு நிரப்பத் தோன்றும். இடாதீர்கள். நுழைவுத் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரே பெயர். முன்னெழுத்து முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால், அதில் உள்ளபடியே எழுத வேண்டும். ஆதாரில் வேறாக இருந்தால் விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். உங்கள் கிரெடிட்களைச் சேமித்துவைக்கும் இணையவழி கிரெடிட் வங்கிக் கணக்குக்கும், மாணவர் அடையாள எண்ணான அபார் எண்ணுக்கும் அதே பெயர்தான் அடிப்படை.

அடுத்தது சாதிச் சான்றிதழ். ஜே.என்.யூ., டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் நாம் வாங்கி வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. அட்டை இங்கே செல்லாது. வட்டாட்சியரிடம் மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்போடு ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். ஒருமுறை வாங்கிய சான்றிதழ் காலம் முழுக்கச் செல்லாது. பெரும்பாலும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். இன்னொரு நுணுக்கம்: மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டவர்களாக உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அதில் உங்கள் சாதி இல்லையென்றால் ஓ.பி.சி. ஒதுக்கீடு கிடையாது, வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால் நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வழியுண்டு.

டெல்லியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தலைவலி வேறு வடிவில் வரும். இங்குள்ள வருவாய்த் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது அப்பாவின் சான்றிதழைக் கேட்பார்கள். அது கும்பகோணத்தில் தாத்தா வீட்டு அலமாரியில் இருக்கும், அலமாரிச் சாவி சித்தப்பாவிடம் இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே எடுத்து வந்துவிடுங்கள்.

ஜாமியாவின் ஒதுக்கீட்டு முறை தனி. சிறுபான்மை நிறுவனம் என்று 2011இல் அறிவிக்கப்பட்ட பிறகு, பாதி இடங்கள் முஸ்லிம்களுக்கு: முஸ்லிம் மாணவர்களுக்கு 30, முஸ்லிம் பெண்களுக்கு 10, முஸ்லிம்களில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கு 10 சதவீதம். தமிழ்நாட்டு முஸ்லிம் மாணவிகள் பலருக்கு இது தெரிவதே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாவது, மதிப்பெண்ணைச் சதவீதமாக்கும் சான்று. கல்லூரி தரப்புள்ளி கொடுத்திருக்கும். விண்ணப்பம் சதவீதம் கேட்கும். பத்தால் பெருக்கிப் போடுவதும் 9.5ஆல் பெருக்கிப் போடுவதும் ஆபத்து. உங்கள் பல்கலைக்கழகத்தின் சூத்திரம் எதுவோ அதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்தோடு கடிதமாக வாங்குங்கள். சில மதிப்பெண் பட்டியல்களில் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை நகலெடுத்தால் போதும். ஆனால் பலர் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள்!

மற்றபடி தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். இடப்பெயர்வுச் சான்றிதழைக் கல்லூரி தராது, பல்கலைக்கழகம்தான் தரும். தன்னாட்சிக் கல்லூரி மாணவர்களுக்கும் அப்படியே. முடிவு வந்த வாரமே பணம் கட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: க்யூட்-பிஜி

மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் ஐஐஎம்சிக்கும் தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட்-பிஜி என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வே நுழைவாயில். 2022இல் தொடங்கியது. விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில், தேர்வு மார்ச்சில். அதாவது இளநிலைக் கடைசிப் பருவம் தொடங்கும்போதே முடிவெடுத்திருக்க வேண்டும். ஜூன் மாதம் விசாரிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இக்னோவும் தனியார் பல்கலைக்கழகங்களும்தான்.

மாஸ் கம்யூனிகேஷன் மற்றும் ஜர்னலிசம் தாளில் 75 கேள்விகள், 90 நிமிடம், மொத்தம் 300 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. இந்தக் கழிவைக் கண்டு மிரள வேண்டாம். நான்கு விடைகளில் ஒன்றை உறுதியாக நீக்க முடிந்தாலே மீதி மூன்றில் ஊகிப்பது லாபம். ஒன்றையும் நீக்க முடியாதபோது விட்டுவிட்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

இளநிலை க்யூட் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதுநிலைத் தேர்வில் இந்தத் தாள் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பழகிக்கொள்ள டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கருத்து தெரிந்திருந்தும் சொல் தெரியாமல் மதிப்பெண்ணை விடுவது வயிற்றெரிச்சல்.

என்ன படிப்பது? முகமையின் பாடத்திட்டத்தைப் பதிவிறக்குங்கள். அதைச் சுற்றி மூன்று வளையங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது வரலாறு: 1780இல் ஹிக்கியின் பெங்கால் கெஜட் தொடங்கி, 1878இல் தி இந்து, 1882இல் சுதேசமித்திரன், 1942இல் மதுரையில் தினத்தந்தி, 1975–76இல் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி கொண்டுபோன சைட் திட்டம், 2004இல் சென்னையில் தொடங்கிய அண்ணா எஃப்எம் சமுதாய வானொலி. இரண்டாவது சட்டம்: 1978ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம், 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம், 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 1867ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய சட்டம் இயற்றி 2024 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். பழைய வழிகாட்டி நூல்களில் இது இருக்காது. மூன்றாவது கோட்பாடு: லாஸ்வெல், ஷானன்–வீவர் ஆகியோரின் தொடர்பு மாதிரிகள், மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972இல் வெளியிட்ட நிகழ்ச்சிநிரல் ஆய்வு, ரோஜர்ஸின் புத்தாக்கப் பரவல், ஸ்டுவர்ட் ஹாலின் குறியாக்கம்–குறிவிலக்கம். ஆண்டையும் பெயரையும் மனப்பாடம் செய்தால் பாதிக் கிணறு தாண்டலாம். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் நீங்கள் நேற்றுப் பார்த்த தமிழ்த் தொலைக்காட்சி விவாதத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லிப் பழகினால் மறுகரைக்குப் போய்விடலாம்.

மறக்கக் கூடாத ஒன்று: தேர்வு முகமையில் பதிவுசெய்வது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது ஆகாது. முடிவு வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழக இணையதளத்திலும் தனியாகப் பதிவுசெய்து, தனிக் கட்டணம் கட்ட வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு அழைப்பு வரும் என்று வீட்டில் காத்திருந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஜாமியாவின் மாஸ் கம்யூனிகேஷன் படிப்புகளுக்கு அந்தப் பல்கலைக்கழகமே தனித் தேர்வு நடத்திவருகிறது, விண்ணப்பமும் தனி.

ஆறாம் படி: நேர்காணல்

தயாரிப்புப் படிப்புகளில் எழுத்துத் தேர்வுக்குப் பின் நேர்காணல் உண்டு. செய்த வேலைகளைக் கொண்டுவரச் சொல்வார்கள். விலையுயர்ந்த கேமராவில் எடுத்த சூரிய அஸ்தமனம் யாரையும் அசைக்காது. ஆர்.கே.புரம் மலை மந்திரில் தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர்களைக் கைப்பேசியில் பத்துப் படங்களாக எடுத்து, எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம், ஏன் என்று சொல்ல முடிந்தால் அது வேலை. கல்லூரி ஆண்டுமலருக்கு எழுதிய கவிதையை விட, உங்கள் தெருக் குடிநீர் லாரி பற்றி நான்கு பேரிடம் பேசி எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை மேல்.

கேள்விகள் பெரும்பாலும் எளிமையாகத்தான் தொடங்கும். என்ன படிக்கிறீர்கள், எதைப் பார்க்கிறீர்கள்? ‘எல்லாமே பார்ப்பேன்’ என்றால் உரையாடல் அங்கேயே செத்துவிடும். ‘காலையில் ஒரு தமிழ் நாளிதழ், ஒரு ஆங்கில நாளிதழ் படிப்பேன், ஒரே செய்தியை இருவரும் எந்தப் பக்கத்தில் போட்டார்கள் என்று பார்ப்பேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த பத்து நிமிடம் நீங்கள் அறிந்த களத்தில்தான் ஓடும். பொய் சொல்லாதீர்கள், நேற்றைய உதாரணத்தை உடனே கேட்பார்கள்.

‘இந்தி தெரியாதே, சேர்ப்பார்களா?’ என்று ஊரிலிருந்து கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: சேர்க்கைக்கு அது தடையல்ல, வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் படப்பிடிப்புக்குச் சீலம்பூருக்கோ நஜஃப்கருக்கோ போனால் எதிரே இருப்பவர் இந்தியில்தான் பேசுவார். மாணவர் குழுவும் அவசரத்தில் இந்திக்குத் தாவிவிடும். முதல் பருவத்துக்குள் பேச்சு இந்தி பழகிவிடுங்கள். கொள்கையை விட்டுக்கொடுப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள், ஆட்டோக்காரர் உட்பட.

ஏழாம் படி: இடம் கிடைத்த பிறகு

முதல் பட்டியலில் கிடைத்ததற்குப் பணம் கட்டிவிட்டு, விரும்பிய இடத்துக்காகக் காத்திருப்பது நியாயமான தந்திரம்தான். விலகினால் எந்தத் தேதி வரை முழுப் பணமும் திரும்பும் என்று யூஜிசி ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் யூஜிசி விதி. மாற்றுச் சான்றிதழ் மட்டும் அவர்களிடம் தங்கும்.

தங்குமிடம்: முனிர்காவிலும் பேர் சராயிலும் அறை எடுத்தவர்களுக்கு ஐஐஎம்சி, ஜே.என்.யூ. பக்கம். ஜாமியாவுக்கு மெஜந்தா மெட்ரோ வழித்தடம். ஜனக்புரி மேற்கில் ஏறினால் ஆர்.கே.புரம், முனிர்கா வழியாக ஜாமியா மில்லியா இஸ்லாமியா நிலையம் வரை வண்டி மாறாமல் போகலாம். ஆகவே ஜனக்புரித் தமிழர் வீட்டில் அறை கிடைத்தால் ஓக்லாவில் தேடி அலையாதீர்கள்; தூரம் கூடினாலும் இட்லி கிடைக்கும்.

எட்டாம் படி: பட்டம் பெற என்ன வேண்டும்

இனி இந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் சொன்ன நான்காம் பருவத்துக்கு வருகிறோம்.

புதிய கட்டமைப்பில் பருவத்துக்கு 20 கிரெடிட், இரண்டு ஆண்டுகளுக்கு 80 என்பது அடிப்படைக் கணக்கு. ஒரு கிரெடிட் என்றால் பருவத்துக்குப் பதினைந்து மணி நேர வகுப்பு, அல்லது முப்பது மணி நேரச் செய்முறை. இந்த இரட்டை விகிதத்தைக் கவனியுங்கள். நான்கு கிரெடிட் படத்தொகுப்புத் தாள் என்பது 120 மணி நேரம் கணினி முன் உட்காருவது. நான்கு கிரெடிட் கோட்பாட்டுத் தாளுக்கு வகுப்பு 60 மணி நேரம். தயாரிப்புப் படிப்பில் சேர்ந்துவிட்டு மாலையில் பகுதிநேர வேலை பார்க்கலாம் என்று கணக்குப்போடுபவர்கள் இங்கே தவறுகிறார்கள்.

முதலாண்டில் தொடர்பியல் கோட்பாடு, ஊடக வரலாறு, ஊடகச் சட்டமும் அறமும், ஆய்வுமுறை போன்ற கட்டாயத் தாள்கள் வரும். இரண்டாம் ஆண்டில் விருப்பத் தாள்கள். கட்டமைப்பின்படி இரண்டாம் ஆண்டை முழுக்க வகுப்பாகவும் நடத்தலாம், வகுப்பும் ஆய்வுமாகவும் நடத்தலாம், முழுக்க ஆய்வாகவும் நடத்தலாம்; துறை எதைத் தேர்ந்திருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. வருகைப்பதிவு பொதுவாக 75 சதவீதம். தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு, பொங்கலுக்கு இன்னொரு வாரம் என்று போட்டால் கணக்கு இடிக்கும். வட இந்தியப் பல்கலைக்கழகங்களில் பொங்கலுக்கு ஒரு நாள் விடுமுறை கிடைத்தாலே பெரிது.

நிறுவனப் பயிற்சியை முதலாண்டுக் கோடை விடுமுறையில் முடிக்கச் சொல்வார்கள். எங்கே என்பதை மாணவர்தான் தேட வேண்டியிருக்கும். தமிழ் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் டெல்லியில் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது அவர்களுக்கு இரண்டு கைகள் போதுவதில்லை. தமிழில் பிழையில்லாமல் தட்டச்சு செய்யத் தெரிந்த மாணவர் அங்கே உண்மையில் பயன்படுவார். சான்றிதழில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, மொத்த நாள், நிறுவன முத்திரை நான்கும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மின்னஞ்சலைத் துறை ஏற்காமல் போகலாம்.

அடுத்து ஆய்வேடு. பெரும்பாலோர் கொண்டுவரும் முதல் தலைப்பு ‘சமூக ஊடகங்களும் இளைஞர்களும்’. இதை இருபது வயதுக்காரர் இரண்டு பருவத்தில் முடிக்க முடியாது, இருபது பேர் சேர்ந்தாலும் முடியாது. எப்படிச் சுருக்குவது என்று ஒரு தலைப்பை வைத்தே பார்ப்போம்.

ஜங்புராவில் பாராபுலா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப் குடியிருப்பை 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டும் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்றார்கள். டெல்லித் தமிழ் மாணவர் ஒருவர் இதை எழுத ஆசைப்படுவது இயல்பு. ‘மதராசி கேம்ப்பும் ஊடகமும்’ என்பது இன்னும் தலைப்பு ஆகவில்லை. எந்த ஊடகம்? இரண்டு தமிழ் நாளிதழ்கள், இரண்டு ஆங்கில நாளிதழ்கள். எந்தக் காலம்? உயர் நீதிமன்ற உத்தரவு வந்த மே மாதம் முதல் ஜூன் இறுதி வரை. எதைப் பார்ப்பது? செய்தியில் யாருடைய மேற்கோள் முதலில் வருகிறது: அதிகாரியா, குடியிருப்பவரா? ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் வருகிறதா, ‘வீடு’ என்ற சொல் வருகிறதா? இந்த வரம்புக்குள் கிடைக்கும் செய்திகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றையும் அட்டவணையில் போடலாம். இடம்பெயர்ந்தவர்களில் பத்துப் பேரிடம் பேசி, தங்களைப் பற்றி வந்த செய்தியை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். இப்போது இது ஒரு பருவத்து வேலை. வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது என்பதால் தமிழ் மேற்கோள்களுக்கு ஆங்கில மொழியாக்கம் பின்னிணைப்பாக வேண்டும். அதற்கு இரண்டு வாரம் தனியாக ஒதுக்குங்கள். வீடு இழந்தவர்களிடம் பேசப்போகும்போது ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது ஆய்வு அறமல்ல, அவர்கள் ஏற்கெனவே எத்தனையோ படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள்.

இதைவிட மென்மையான தலைப்பு வேண்டுமென்றால், டெல்லி ஆகாசவாணியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி போன்றவர்கள் வாசித்த தமிழ்ச் செய்தியறிக்கைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. டெல்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு மாலை உட்கார்ந்தால் நேர்காணலுக்கு ஆள் கிடைப்பார்கள். பேச்சை நிறுத்துவதுதான் சிரமம்.

படம் எடுத்துப் பட்டம் பெறுபவர்களுக்கும் எழுத்து வேலை உண்டு: முன்வரைவு, ஆய்வுக் குறிப்பு, திரைக்கதை, செலவுக் கணக்கு, படத்தில் தோன்றியவர்களின் ஒப்புதல் கடிதங்கள், பயன்படுத்திய இசைக்கான உரிமை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

ஒன்பதாம் படி: சமர்ப்பிப்பும் அதற்குப் பின்னும்

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒப்புமை மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். யூஜிசியின் 2018 விதிகளின்படி பத்து சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை என்றால் திருத்தி, ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டு வரை சமர்ப்பிக்கத் தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறிக்குள் சரியாகக் குறிப்பிட்டவை இந்தக் கணக்கில் சேராது. தமிழ்க் கட்டுரையை ஆங்கிலமாக்கிப் போட்டால் மென்பொருள் பிடிக்காது என்று நினைப்பவர்கள், வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் தமிழராகவும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

வாய்மொழித் தேர்வில் ‘ஏன் இந்த முறை, ஏன் இத்தனை மாதிரி?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். ‘வழிகாட்டி சொன்னார்’ என்பது விடையல்ல.

ஆசிரியர் பணியோ ஆய்வோ மனத்தில் இருந்தால் இறுதியாண்டிலேயே நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். மாஸ் கம்யூனிகேஷன் மற்றும் ஜர்னலிசம் பாடத்தின் குறியீட்டு எண் 63. முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100 கேள்விகள். இங்கே தவறுக்குக் கழிவு இல்லை, ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி., பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிப் பிரிவினருக்கு 50. இறுதியாண்டில் எழுதித் தேறியவர்கள் முடிவு வந்த தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அந்த மதிப்பெண்ணோடு பட்டத்தை முடித்துக்காட்ட வேண்டும். 2024 ஜூன் தேர்வு முதல் இதே மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். தரப்புள்ளியில் 55 சதவீதத்துக்குச் சமம் எது என்பதை முதல் பருவத்திலேயே கணக்குப்போட்டு வையுங்கள். 54.6 என்று முடித்துவிட்டு, அரைப் புள்ளியை முழுமையாக்கித் தரச் சொல்லித் தேர்வுப் பிரிவு சன்னலில் நிற்பவர்களுக்கு அங்கே கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: முடியாது.